தாய்லாந்து அம்மா, இந்தியப் பாஸ்போர்ட் பிள்ளை: விசாவை நீட்டிப்பதா, குடியுரிமையை எடுப்பதா?

பிள்ளை பிறந்தது சென்னையில். அம்மா தாய்லாந்துக்காரர், அப்பா தமிழ்நாட்டுக்காரர். அப்பாவுக்கு பேங்காக்கில் வேலை கிடைத்து குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். அம்மா தன் நாட்டுக்குத் திரும்பியவர், அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. அப்பாவின் விசாவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டில் மட்டும் சில வாரங்களுக்கான முத்திரை. அது முடிவதற்குள் என்ன செய்வது?

பேங்காக் சீலோம் மாரியம்மன் கோவில் வாசலில் இதைக் கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். நாலும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் நாலு வழியும் நிஜமாகவே இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். தாய்லாந்தின் 1965 குடியுரிமைச் சட்டம், பிரிவு 7-இன்படி, அப்பா அம்மா இருவரில் ஒருவர் தாய்லாந்துக் குடிமகனாக இருந்தால் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் பிறப்பிலேயே தாய்லாந்துக் குடிமகன். விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து வாங்குகிற குடியுரிமை இல்லை இது. ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்தால் போதும். முன்பு அம்மா வழி உரிமையில் சிக்கல் இருந்தது, 1992 திருத்தத்தில் அது நீங்கியது. பெற்றோர் திருமணம் செய்யாமல், அப்பா மட்டும் தாய்லாந்துக்காரராக இருந்தால், 2008 திருத்தத்துக்குப் பிறகு அவர்தான் அப்பா என்று நிரூபித்து உரிமை கோரலாம். இந்த உரிமைக்குக் காலக்கெடுவும் கிடையாது. வளர்ந்து ஆளான பிறகுகூடப் பதிவு செய்யலாம்.

அப்படியானால் விசா எதற்கு? அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே தேவையில்லை. அந்த நாடுகளுக்கு இரட்டைக் குடியுரிமையில் ஆட்சேபம் இல்லை. தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, தாய்லாந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அதைக் காட்டி நாட்டுக்குள் வந்துவிட்டால் முடிந்தது கதை. அவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் உள்ள வீடுகளில்தான் யோசனை தேவை. சிங்கப்பூர் குறிப்பிட்ட ஒரு வயது வரை பொறுத்துக்கொண்டு, பிறகு எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். இந்தியாவின் விதி இன்னும் இறுக்கம், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் விசா வழிகள்.

விடுமுறைக்கு மட்டும் என்றால்

கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு வந்து போகிற பிள்ளைக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். 2024 ஜூலை 15 முதல் இந்தியா உட்பட 93 நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று தாய்லாந்து அறிவித்தது. இந்த நாள் கணக்கைக் குறைக்கும் பேச்சு அடிக்கடி எழுவதால் டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போதவில்லையென்றால் இமிக்ரேஷன் ஆபீஸில் 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் வாங்கலாம்.

இதையே குடியிருக்கும் வழியாக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாவோஸ் எல்லைக்குப் போய் முத்திரை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இது வேண்டாத வேலை. வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போனால் எல்லையில் கேள்வி கேட்பார்கள், அதிகாரி நினைத்தால் உள்ளே விடாமலும் இருக்கலாம்.

அப்பாவின் வேலையோடு கட்டிய விசா

பெரும்பாலான வீடுகளில் யாரும் முடிவெடுக்காமலே நடந்துவிடுவது இது. கம்பெனியின் மனிதவளப் பிரிவு அப்பாவுக்கு வேலை விசா எடுக்கும்போது, 'குடும்பத்தினர்' என்று பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிவிடும். ஏஜென்ட் வேலையை முடித்துத் தருவார், செலவும் கம்பெனியுடையது. வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

அப்பாவின் வேலை போகிற நாளில்தான் இதன் குறை தெரியும். வேலை அனுமதி ரத்தானால் அவரைச் சார்ந்து நிற்கும் பிள்ளையின் அனுமதியும் கூடவே முடிந்துவிடும். வேறு கம்பெனிக்கு மாறும்போதும் அதே பாடு. அம்மா இந்த நாட்டுக் குடிமகளாக வீட்டில் இருக்கும்போது, பிள்ளையின் இருப்பை அப்பாவின் சம்பளச் சீட்டில் கட்டிப்போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஏற்பாடு. கம்பெனி காசு கொடுக்கிறது என்பதைத் தவிர இதற்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பள்ளியை வைத்து எடுக்கும் கல்வி விசாவும் இதே வகைதான். பள்ளி மாறினால் விசாவும் போச்சு. பெற்றோர் இருவருமே வெளிநாட்டவராக இருந்தால் அது தேவைப்படும். இங்கே தேவையில்லை.

அம்மாவை வைத்து ஒரு வருட நீட்டிப்பு

தாய்லாந்து இமிக்ரேஷனின் 327/2557 என்ற உத்தரவில் (2014-ஆம் ஆண்டு, அவர்கள் கணக்கில் புத்த ஆண்டு 2557) எந்தக் காரணத்துக்கு எவ்வளவு காலம் நீட்டிக்கலாம் என்று வரிசையாக உண்டு. நமக்கு வேண்டியது இரண்டு பிரிவுகள்.

2.18 என்பது தாய்லாந்துக் குடிமக்களின் குடும்பத்தினருக்கானது. பிள்ளை 20 வயதுக்குள், திருமணமாகாமல், அந்தப் பெற்றோரோடு சேர்ந்து வாழ வேண்டும். 2.23 என்பது முன்பு தாய்லாந்துக் குடியுரிமை வைத்திருந்தவர்களுக்கும், அப்பாவோ அம்மாவோ தாய்லாந்துக்காரராக இருப்பவர்களுக்கும் அல்லது இருந்தவர்களுக்கும் உரியது. இதில் வயது வரம்பு இல்லை, சேர்ந்து வாழும் நிபந்தனையும் இல்லை. 20 தாண்டிய பிள்ளைக்கும், அம்மா இறந்துபோன அல்லது பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைக்கும் கைகொடுப்பது இதுதான். இரண்டிலுமே ஒரு தடவைக்கு ஒரு வருடம், கட்டணம் 1,900 பாட். தாய்லாந்து மனைவியை வைத்து நீட்டிக்கும் கணவரிடம் வங்கியில் 4 லட்சம் பாட் அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்டச் சொல்கிறார்களே, அந்த நிபந்தனை பிள்ளைக்குக் கிடையாது.

அடிப்படையாக நான்-இமிகிரன்ட் 'ஓ' விசா வேண்டும். சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகம் வழியாக எடுத்து வந்தால் 90 நாள் கிடைக்கும், அதிலிருந்து ஒரு வருடத்துக்கு நீட்டலாம். விசா இல்லாமல் வந்துவிட்டவர்களும் 2,000 பாட் கட்டி இங்கேயே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கையில் குறைந்தது 15 நாளாவது மீதி இருக்க வேண்டும். கடைசி வாரம் ஓடிப்போனால் அந்த வாய்ப்பு இருக்காது.

ஆபீஸில் நடப்பது இதுதான். பேங்காக்கில் இருப்பவர்களுக்குச் சேங் வத்தனாவில் உள்ள அரசு வளாகம், 'பி' கட்டடம். பிள்ளையும் அம்மாவும் நேரில் போகவேண்டும். டி.எம்.7 படிவம், 4×6 செ.மீ. போட்டோ, பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, அம்மாவின் அடையாள அட்டை, 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவேடு. தன்னுடைய ஆவணங்களின் ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று தாய்லாந்து மொழியில் எழுதி அம்மா கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் திருப்பித் தருவார்கள். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டி.எம்.30 முகவரி அறிவிப்பு செய்திருக்கிறாரா என்றும் பார்ப்பார்கள். வாடகை வீடென்றால் அதை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். தாய்லாந்தில் 1913-லேயே சட்டம் போட்டு எல்லோருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நமக்கோ இனிஷியல்தான். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் இருக்கும், சென்னை மாநகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் என்று ஒன்றே இருக்காது. இது மூன்றும் ஒரே குடும்பம்தானா என்று அதிகாரி யோசிப்பதில் தவறில்லை. போதாக்குறைக்கு, திருமணச் சான்றை ஒரு மொழிபெயர்ப்பாளரும் பிறப்புச் சான்றை இன்னொருவரும் தாய்லாந்து எழுத்தில் எழுதியிருந்தால் அப்பாவின் பெயரே இரண்டு விதமாக நிற்கும். எல்லா ஆவணத்தையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம், ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்து முடித்துவிடுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பம் இரண்டையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்கிவிடுவதும் நல்லது. பேங்காக்கில் இருந்துகொண்டு அதைச் செய்வதற்குள் கூரியருக்கே காசு கரையும்.

நீட்டிப்பு கையில் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில. இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் தருகிறார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி இமிக்ரேஷன் நீட்டிக்காது. ஏழு மாதம் மீதியிருந்தால் நீட்டிப்பும் ஏழு மாதம்தான், கட்டணம் மட்டும் அதே 1,900. ஆகவே பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பியுங்கள். அப்புறம் ரீ-என்ட்ரி பர்மிட். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் மொத்த நீட்டிப்பும் அந்த நிமிடமே செத்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஒருமுறைக்கு 1,000 பாட், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800. வருடத்தில் நான்கு பயணம் என்றால்தான் இரண்டாவது லாபம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பும் உண்டு.

தேதியைத் தவறவிட்டால் ஓவர்ஸ்டே: நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. மறுபடி வரத் தடை விதிக்கும் 2016 விதியிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நம்பிப் பிள்ளையின் விசாவைக் கண்டுகொள்ளாமல் விடும் வீடுகளும் இருக்கின்றன. 18 முடிந்த மறுநாளிலிருந்து அந்த விலக்கு இல்லை, அந்த வயதில்தான் பிள்ளை கல்லூரிக்கு வெளிநாட்டு விசா கேட்டு நிற்பான்.

இன்னொன்று. கவுன்ட்டரில் இருப்பவர், "அம்மா இந்த ஊர்க்காரர்தானே, பிள்ளைக்கு ஏன் நம் பாஸ்போர்ட் எடுக்கவில்லை?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் பார்வையில் நியாயமான கேள்விதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்று அம்மா தன் மொழியில் ஒரு வரி சொன்னால் போதும்.

குடியுரிமையை எடுத்துக்கொண்டால்

தாய்லாந்துப் பாஸ்போர்ட்டில் வந்த பிள்ளைக்கு மேலே சொன்ன எதுவும் கிடையாது. நீட்டிப்பு, 90 நாள் அறிவிப்பு, ரீ-என்ட்ரி எதுவும் வேண்டாம். வீட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறி 13 இலக்க எண் வந்துவிட்டால் அரசின் '30 பாட்' மருத்துவத் திட்டம் கிடைக்கும், 7 வயதில் அடையாள அட்டை. நாளைக்கு அம்மாவின் பெயரில் உள்ள நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் பிள்ளைக்கு வரும். வளர்ந்த பிறகு வேலை அனுமதி கேட்டு யார் பின்னாலும் போகவேண்டாம். பள்ளிப் படிப்பை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் அரசுப் பள்ளிகள் எந்த நாட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கின்றன.

செலவுக் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பத்து வருடத்துக்கு நீட்டிப்பு 19,000 பாட், பலமுறை ரீ-என்ட்ரி 38,000, ஆக 57,000 பாட். 5 வருட தாய்லாந்துப் பாஸ்போர்ட் ஒன்று 1,000 பாட்.

பையன் என்றால் ராணுவம் ஒரு கேள்வி. வீட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கும் ஆண் பிள்ளைகள் 18 ஆகும் வருடத்தில் பெயர் பதியவேண்டும், 21-இல் ஏப்ரல் மாதக் குலுக்கலுக்குப் போகவேண்டும். குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம், சிவப்பு வந்தால் இரண்டு வருட சேவை. மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் 'ரோ தோ' என்கிற ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்குக் குலுக்கல் இல்லை. இங்கேயே படித்து வளரும் நகரத்துப் பையன்களில் பலரும் இந்த வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். பன்னாட்டுப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்றால் அங்கே இந்தப் பயிற்சிக்கு வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இந்தியப் பக்கம். குடியுரிமைச் சட்டம் பிரிவு 4(1ஏ), வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியாக இந்தியரான பிள்ளைக்கு வேறு குடியுரிமையும் இருந்தால், 18 முடிந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது. இதைப் படித்துவிட்டு 18 வரை இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்புபவர்கள் உண்டு. கூடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இந்தியத் தூதரகத்தில் பதியும்போதே வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். வேறு நாட்டின் குடிமகனாக இருப்பது வேறு, அந்த நாட்டின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குவது வேறு. தாண்டினால் திரும்ப முடியாத கோடு அந்தப் பாஸ்போர்ட்.

கோட்டைத் தாண்டினால் இந்தியா கைவிட்டுவிடுமா? இல்லை, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே மைனர் பிள்ளைக்கு ஓசிஐ அட்டை கேட்கலாம். வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 275 டாலர். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் போய்வரலாம், தங்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பல பெற்றோருக்கு இவை இரண்டும் பெரிய விஷயமாக இருக்காது. கல்லூரி இடம் அப்படியில்லை. 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ பிள்ளைகள் என்ஆர்ஐ கணக்கில்தான் வருவார்கள். இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போட்டியிட முடியாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி என்பது உங்கள் வீட்டுக் கனவாக இருந்தால், தாய்லாந்துப் பாஸ்போர்ட் அந்தக் கதவை மூடிவிடும். எம்பிபிஎஸ் கனவே இல்லாத வீட்டுக்கு இது ஒரு இழப்பே அல்ல.

யாருக்கு எது

என்னைக் கேட்டால், தாய்லாந்தில் நிரந்தரமாகத் தங்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்ட குடும்பம் தாய்லாந்துப் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் எடுத்துவிடலாம். பெண் பிள்ளையென்றால் தயங்கவே வேண்டாம். அப்பாவின் வேலை மூன்று வருட ஒப்பந்தம், அப்புறம் கோவைக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுவோம் என்றால் அம்மாவை வைத்து வருடாவருடம் நீட்டிப்பு. மூன்று வருடத்துக்காக, திரும்ப வாங்கச் சிரமமான இந்தியக் குடியுரிமையை விடவேண்டியதில்லை. தாய்லாந்து உரிமை எங்கும் ஓடிப்போகாது, பிள்ளைக்கு 18 ஆனதும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். இப்போதே கம்பெனியின் சார்பு விசாவில் இருக்கும் பிள்ளையை, அடுத்த நீட்டிப்பு வரும்போது அம்மா பக்கம் மாற்றிவிடுங்கள்.

குடியுரிமைதான் என்று முடிவெடுத்தவர்களுக்குப் பிள்ளை துபாய், சிங்கப்பூர் போன்ற மூன்றாவது நாட்டில் பிறந்திருந்தால் வேலை சுலபம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்காமல் அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, பிறகு ஓசிஐக்குப் போகலாம். சென்னையில் பிறந்த பிள்ளைக்குத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்தால் அதில் இந்திய விசா எதுவும் இருக்காது, அதனால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓ-விடம் ஆன்லைனில் வெளியேறும் அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. டிக்கெட் தேதியை அது வந்த பிறகு போடுங்கள். ஏற்கெனவே இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்து பேங்காக்கில் நீட்டிப்பில் இருக்கும் பிள்ளை என்றால், தாய்லாந்துப் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை வைப்பதற்கு முன்பே இந்தியத் தூதரகத்துக்குப் போய்ப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முறையையும், எந்தப் பாஸ்போர்ட்டில் வெளியே போய் எதில் உள்ளே வருவது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். ஆகவே அப்பா வெளியூர்ப் பயணத்தில் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் குறியுங்கள்.